ஓசூரில் ‘செட்’ ஆன வினைச்சொல்

ஆங்கிலத்தில் மிகுதியான பொருள்களைத் தாங்கும் வினைச்சொற்களுள் ஒன்று ‘செட்’. 1989இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு இவ்வினைக்கு 430 பொருள்களைத் தந்து மிக நீண்ட பதிவாக இதனை அமைத்திருந்தது. 2011இல் 645 பொருள்களுடன் ‘ரன்’ முதலிடம் பெற்றது. உட்காருவதைக் குறிக்கும் ‘சிட்’ என்பதன் பிறவினையாகவே, அதாவது ஒன்றை உட்காரச் செய்யும் வினையாகவே, ‘செட்’ தோன்றியது. தமிழில் ‘அமர்’ என்பது ‘அமர்த்து’ ஆவதைப் போன்றது இது.

இச்சொல் தமிழர் நாவில் அன்றாடம் புழங்கும் இடங்களுள் ஓசூர் ஒன்று. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகளும் நிறைந்த அங்கே, ஒரு பாகத்தின் உற்பத்தி முடிந்து அடுத்த பாகத்துக்கு மாறும்போது, வெட்டும் கருவியையும் பிடிப்பானையும் மாற்றி அளவு சரிபார்க்கும் பணி ‘செட்டிங்’ எனப்படுகிறது. அதைச் செய்பவர் ‘செட்டர்’.

கடன் வந்த இவ்வினை தமிழில் விகுதிகளை நேரடியாக ஏற்பதில்லை. காலமும் இடமும் காட்டும் பொறுப்பைத் துணைவினை ஏற்றுக்கொள்கிறது. ‘டூலை செட் பண்ணினார்’ என்பதில் செய்பவர் இருக்கிறார். ‘காங்கிரீட் செட் ஆனது’ என்பதில் நிகழ்வு தானே நடக்கிறது. இவ்விரண்டுக்கும் ஆங்கிலம் ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டு வேறுபாட்டைச் சொற்றொடரமைப்புக்கு விட்டுவிட, தமிழோ ‘பண்ணு’, ‘ஆகு’ என்னும் இணையால் அதனை வெளிப்படையாக்குகிறது. கன்னடத்தில் ‘மாடு’, ‘ஆகு’ என்பனவும் தெலுங்கில் ‘செய்’, ‘அவு’ என்பனவும் இதே பணியைச் செய்வதால், மும்மொழியினரும் கலந்து வேலை செய்யும் ஓசூர் எல்லைப் பகுதியில் ஒரே சொல் ஒரே அச்சில் வார்க்கப்படுகிறது.

கதிரவன் மறைவதையும் பயணம் புறப்படுவதையும் சொல்லத் தமிழில் முன்பே சொற்கள் இருந்தமையால், ஆங்கிலத்தில் ‘செட்’ உணர்த்தும் அப்பொருள்கள் இங்கே குடியேறவில்லை. மாறாக, ‘நைட் ஷிப்ட் எனக்கு செட் ஆகாது’ எனும்போது, ஒத்துவருதல் என்ற பொருளை அது இம்மண்ணில் பெற்றுள்ளது. ஆகவே கடன்சொல்லின் பொருளெல்லையை வகுப்பது மூலமொழியின் அகராதியன்று. ஏற்கும் மொழியின் தேவையும் இலக்கணமுமே.