துடுப்புப் படகில் முப்பது பவுண்டு சால்மன்

கனடாவின் மேற்கே, வான்கூவர் தீவில் கேம்ப்பெல் ரிவர் என்றொரு ஊர். அங்கே 1924-இல் தொடங்கிய டையீ கிளப்பில் வெறும் பணம் கட்டி உறுப்பினராகிவிட முடியாது. துடுப்புப் படகில் போய், 20 பவுண்டு தாங்கும் நரம்பில், 30 பவுண்டுக்குக் குறையாத சினூக் சால்மனைப் பிடித்தாக வேண்டும். கோடையில் ஆற்று முகத்துவாரத்தில் இன்றும் அப்படித்தான் பிடிக்கிறார்கள். பெரிய படகு வாங்கினால்தான் கடல் சால்மனைத் தேடிப் போகலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

படகை மெல்ல ஓட்டிக்கொண்டே தூண்டிலைப் பின்னால் இழுத்துச் செல்வதுதான் முறை. கோஹோ சால்மன் பெரும்பாலும் மேல்மட்டத்தில் திரியும். சினூக் ஆழத்தை நாடும். அந்த ஆழத்துக்குத் தூண்டிலை இறக்கத்தான் டவுன்ரிக்கர். கம்பியின் நுனியில் 10 முதல் 15 பவுண்டு ஈயக் குண்டு தொங்கும். அதன் அருகே ஒரு கிளிப்பில் நரம்பைக் கவ்வவிட்டு இறக்குவார்கள். அழுத்தத்தில் வில்லாய் வளைந்திருக்கும் கோல், மீன் கடித்து நரம்பு கிளிப்பிலிருந்து விடுபட்டதும் சட்டென்று நிமிரும். அந்த நொடியிலேயே நரம்பைச் சுற்றித் தொய்வை எடுத்துவிட வேண்டும்.

தூண்டிலுக்கு முன்னால் பிளாஷர் என்ற பளபளப்பான தகடு சுழலும். அதற்குப் பின்னே ஏறக்குறைய ஒரு மீட்டர் நரம்பில் ஹூச்சி எனப்படும் ரப்பர் கணவாய். எந்த நிறம் வாங்குவது என்றுதான் புதியவர்கள் அதிகம் தவிக்கிறார்கள். நிறத்தைவிட வேகமும் ஆழமுமே முக்கியம் என்பேன். இரண்டு மூன்று நாட் வேகம், அதாவது மனிதர் நடக்கிற வேகம் போதும். ஆனால் ஜிபிஎஸ் காட்டுவது தரையை வைத்துக் கணக்கிட்ட வேகம். மீனுக்குத் தெரிவதோ தண்ணீருக்குள் தூண்டில் ஓடும் வேகம். இரண்டு நாட் நீரோட்டத்தோடு சேர்ந்து இரண்டு நாட் போனால், கருவி இரண்டு என்று காட்டும், தூண்டில் செத்துக் கிடக்கும். அதனால் டவுன்ரிக்கர் கம்பியின் சாய்வைப் பார்த்து ஓட்டுங்கள். நேர்குத்தாக நின்றால் வேகம் போதாது. மிகவும் பின்னால் சாய்ந்தால் அதிகம், குண்டும் நினைத்த ஆழத்தில் இருக்காது.

சிறிய படகுக்குக் கையால் சுற்றும் டவுன்ரிக்கர் ஒன்றும் கோல் ஒன்றும் போதும். ஈயக் குண்டு பாறையில் சிக்கி, நீரோட்டமும் இழுத்தால் படகின் பின்பக்கம் தாழ்ந்து தண்ணீர் ஏறும். கம்பியை வெட்டும் குறடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கேம்ப்பெல் ரிவருக்குச் சற்று வடக்கே சீமோர் நேரோஸ் நீரிணையில் ஓட்டம் 15 நாட் வரை போகும். பல கப்பல்களை உடைத்த ரிப்பிள் ராக் என்ற பாறையை 1958-இல் வெடிவைத்துத் தகர்த்தது அங்கேதான். ஓதம் திரும்பி ஓட்டம் தணிகிற நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். மீன் கடிக்கவும் அது நல்ல நேரம். காற்று ஓட்டத்துக்கு எதிராக வீசினால் அலை குத்திட்டு எழும், கரைக்குத் திரும்பிவிடுங்கள். கோடையிலும் தண்ணீர் மூச்சை அடைக்கும் குளிர். உயிர்காப்புச் சட்டையை உட்காரும் இடத்தில் வைக்காதீர்கள், அணிந்திருங்கள்.

சினூக் பல ஆறுகளில் குறைந்துவிட்டது. அதையே பெரிதும் தின்று வாழும், இந்தக் கடற்கரையின் தெற்குப் பகுதி ஓர்கா திமிங்கிலங்களும் அருகிவிட்டன. மீனைக் காக்கவே சால்மனுக்கு எதிர்முள் இல்லாத கொக்கி கட்டாயம். பல இடங்களில் பொரிப்பகத்தில் வளர்த்துவிட்ட மீனை மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். முதுகில் வாலுக்கு அருகே உள்ள சிறு கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்டிருப்பது அதன் அடையாளம். துடுப்பு முழுசாக இருந்தால் மீனைப் படகுக்குள் தூக்காமல், தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றிவிடுங்கள். எந்தப் பகுதி, எந்தத் தேதி, எத்தனை மீன் என்ற விதிகள் பருவத்தின் நடுவிலும் மாறும். கிளம்பும் நாள் காலையில் மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே படகை இறக்குங்கள்.