இரண்டு தேன்மொழிகள்

1999 தீபாவளிக்கு வந்த ‘முதல்வன்’ படத்தில் தேன்மொழியின் அப்பா ஒரு அலாதியான மனிதர். அரசாங்க உத்தியோகம் இல்லாதவனுக்குப் பெண் கிடையாது என்பார். டி.வி.க்காரன் புகழேந்தி ஒரு நாள் முதல்வராகி, பிறகு முழுநேர முதல்வராகவே ஆனாலும் கிடையாதுதான். படத்தின் உண்மையான அரசியல் நையாண்டி அதுதான் என்பேன். ஹாலிவுட்டின் ‘தி அமெரிக்கன் பிரசிடெண்ட்’ (1995) படத்தில் காதல் அதிபரைத் திருத்தும். இங்கே நாற்காலி காதலுக்குக் குறுக்கே நிற்கும்.

மேலே ஒரு நல்லவன் உட்கார்ந்தால் கீழே எல்லாம் சரியாகிவிடும் என்று அன்று தியேட்டரே நம்பியது. திண்டிவனத்துப் பக்கத்தில் அதை வெறும் சினிமாக் கதை என்று தள்ள முடியாது. அடுத்திருக்கும் ஓமந்தூரின் விவசாயி ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார் (முதலமைச்சருக்கு அன்றைய பெயர் அதுதான்). கோயில் நுழைவுச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் அவர் காலத்தில் வந்தவை. சிபாரிசுக்கு வளையாதவர். இரண்டே ஆண்டில் பதவி போனது. எதிர்த்தவர்கள் சொந்தக் கட்சிக்காரர்கள். பிறகு வடலூரில் வள்ளலார் பணி. ‘முதல்வன்’ இயக்குநர் ஷங்கர் எடுத்திருந்தால் கிளைமாக்ஸே வேறு.

2021-இல் வந்த ‘மண்டேலா’வில் முதலமைச்சர் கோட்டையெல்லாம் இல்லை, பஞ்சாயத்து பிரசிடெண்ட் தேர்தல்தான். இதிலும் ஒரு தேன்மொழி. தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் அவள், பெயரே இல்லாத முடிதிருத்தும் தொழிலாளிக்கு நெல்சன் மண்டேலா என்று பெயர் வைக்கிறாள், அடையாள அட்டைக்கு வழி செய்கிறாள். காதல் என்று துணிந்து சொல்ல முடியாத நெருக்கம். ஆனாலும், வயலில் ஆடிப்பாடிய அந்தத் தேன்மொழியைவிட இவள் செய்த அரசியல் பெரிது. தேர்தலையே தீர்மானிக்கும் தன் ஒரு ஓட்டுக்கு ஊரே ஏலம் கேட்கும்போதுதான் மண்டேலாவுக்கு விவரம் புரிகிறது. ரோடு கேட்கிறான், கழிப்பறை கேட்கிறான்.

அதே ஆண்டு அக்டோபரில் விழுப்புரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. தலைவர் பதவியே ஏலம் போனதாக விழுப்புரம் மாவட்டத்திலிருந்தும் செய்தி வந்தது. படம் கொஞ்சம் அடக்கியே வாசித்திருக்கிறது.

மேலே ஒரு நல்லவன் என்ற பழைய கனவு போய்விடவில்லை. 2024 அக்டோபர் 27 அன்று விக்கிரவாண்டி வி.சாலையில் விஜய்யின் தமிழக வெற்றிக் கழகம் முதல் மாநாடு நடத்தியது, நெடுஞ்சாலையே திணறியது. அவர் நடித்த ‘சர்க்கார்’ (2018) படமும் ஒற்றை ஓட்டில்தான் தொடங்கும். அங்கே ஓட்டுக்காரர் ஒரு பெரிய கார்ப்பரேட் முதலாளி. தன் ஓட்டை யாரோ போட்டுவிட்டார்கள் என்றதும் வழக்குப் போடுகிறார். மண்டேலாவுக்கு அந்த வசதி இல்லை, வாக்காளர் அட்டைக்கே தேன்மொழி வேண்டியிருந்தது.