யாருடைய சாலுஸ்?

நாணயவியல் என் துறை அல்ல. கி.மு. 49இல் ரோமில் அடிக்கப்பட்ட ஒரு தெனாரியஸை, அதையும் புகைப்படத்தில், பார்த்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைவான வெள்ளிக்காசு அது. ஒரு பக்கம் சாலுஸ் என்ற தேவதையின் தலை. மறுபக்கம் வலெட்டூடோ, தூணில் சாய்ந்து, கையில் பாம்போடு நிற்கிறாள். இருவருமே உடல்நலத்தின் தேவதைகள். அடித்து வெளியிட்டவன், நாணயப் பொறுப்பிலிருந்த மூவரில் ஒருவனான அசிலியஸ்.

குடும்பப் பெருமை என்று இதற்கு ஒரு விளக்கம் உண்டு. கி.மு. 219இல் ரோமுக்கு வந்த முதல் கிரேக்க மருத்துவர் அர்காகதஸுக்குப் பொதுச்செலவில் கடை வாங்கிக் கொடுத்தது அசிலியஸ் பெயர் கொண்ட சந்தியில்தான். (முதலில் 'காயம் ஆற்றுபவர்' என்று கொண்டாடிய சனங்கள், அவர் அறுப்பதையும் சுடுவதையும் பார்த்துவிட்டுக் 'கொலைக்களத்து ஆள்' என்று பெயரை மாற்றினார்களாம். பிளினி எழுதுகிறார்.) இருக்கட்டும். ஆனால் கி.மு. 49 சீசர் ரூபிகான் ஆற்றைக் கடந்து உள்நாட்டுப் போரைத் தொடங்கிய வருஷமாச்சே! 'சாலுஸ்' என்ற சொல் உடம்பின் சுகத்தை மட்டுமா குறிக்கிறது? அரசின் பாதுகாப்புக்கும் அதே சொல்தான். ஒரு சொல்லுக்குள் இரண்டு உடல்கள். பின்னால் 'பேரரசனின் சாலுஸ்' என்று காசுகளில் பொறிக்கத் தொடங்கியபோது மூன்றாவது உடலொன்றும், ஆள்பவனின் உடல், வந்து சேர்ந்துகொண்டது.

அப்படியானால் இந்த நலத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட உடல்கள் எவை? மருத்துவக் கடவுள் ஈஸ்குலேப்பியஸை கிரேக்கத்து எபிடாரஸிலிருந்து வரவழைத்து, கி.மு. 291இல் டைபர் ஆற்றுத் தீவில் கோயில் எழுப்பினார்கள். வைத்தியம் பார்க்க அலுத்துக்கொண்ட எசமானர்கள் நோயுற்ற அடிமைகளைக் கொண்டுபோய்ப் போட்டது அந்தத் தீவில்தான். பிழைத்து எழுந்தால் அவர்கள் சுதந்திரமானவர்கள், திரும்பிப் போக வேண்டியதில்லை. போடுவதற்குப் பதில் கொன்றால் அது கொலைக்குற்றம் என்று பேரரசன் கிளாடியஸ் ஆணையிட வேண்டிவந்தது. சூடோனியஸ் தரும் செய்தி இது. கடவுளின் வாசலில் என்னென்ன நடந்திருந்தால் ஒரு ராஜா இப்படி ஆணை போட்டிருப்பான், யோசித்துப் பாருங்கள்.

இனி அந்த வெள்ளியைப் பற்றி. தம்பியைக் கொன்ற கராகல்லா, தன் நோய் தீர பெர்கமத்து ஈஸ்குலேப்பியஸ் கோயிலுக்குப் போனான். எந்தக் கடவுளும் குணமாக்கவில்லை என்கிறார் டியோ. கி.பி. 215இல் அவனுடைய தெனாரியஸில், பாம்பு சுற்றிய கோலோடு ஈஸ்குலேப்பியஸ் நிற்கிறார். அதே வருஷம் புதுக் காசு ஒன்றும் வந்தது: மதிப்பு இரண்டு தெனாரியஸ், உள்ளே இருந்த வெள்ளி ஒன்றரைக்குத்தான். 251-253இல் ஆண்ட ட்ரெபோனியானஸ் கல்லஸின் காலத்தில் கொள்ளைநோய். இந்தப் புதுவகைக் காசில் அவன் பொறித்தது 'நலமளிக்கும் அப்போலோ'. அதற்குள் அதில் பாதிகூட வெள்ளி இல்லை.