‘பரவாயில்லைங்க’ என்று சொல்லாதீர்கள்

மாற்றுத்திறனாளிச் சான்றுக்கான மருத்துவ முகாமில் டாக்டர் ‘என்ன சிரமம்?’ என்று கேட்பார். நம் சேரிகளிலிருந்து வரும் பெரியவர்கள் பலர் சொல்லும் பதில், ‘பரவாயில்லைங்க சார், சமாளிச்சிக்கிறேன்’ என்பதுதான். கல் உடைத்துச் சிதைந்த கையோ, சாரத்திலிருந்து விழுந்து முறிந்த காலோ, பதில் மாறாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் குறை சொல்லக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட நாக்கு. அதில் தன்மானமும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே அது நமக்கு எதிராகத் திரும்பும்.

மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம் என்று அளப்பார்கள். கை என்றால் சோறு பிசைந்து உண்ண, தலை வார, பொத்தான் போட, தண்ணீர் டம்ளரைத் தூக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். கால் என்றால் குந்தி உட்கார, சம்மணமிட, படி ஏற, பாதிக்கப்பட்ட காலில் மட்டும் நிற்கச் சொல்வார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்து காட்டினால் ‘முடிகிறது’ என்றே பதிவாகும். வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திச் சொல்லுங்கள். இல்லாததைச் சேர்க்க வேண்டாம், இருப்பதை மறைக்கவும் வேண்டாம். காது கேளாமைக்குக் கருவிச் சோதனை, அறிவுசார் குறைபாட்டுக்கு உளவியல் சோதனை உண்டு. குழந்தையை அழைத்துச் செல்லும் தாய், பிள்ளை தானாகச் செய்ய முடியாதவற்றை வீட்டிலேயே எழுதி எடுத்துப் போவது நல்லது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இந்த ஒரு வேலையையாவது தெருவில் நான்கு வீட்டுக்குச் செய்து கொடுக்கலாம்.

2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆனால் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம்தான் வாசல். ஒரு கண் முழுவதும் போய், மற்றொன்று நன்றாகத் தெரிந்தால் 30 சதவீதமே தருவார்கள். செங்கல் சூளையில் ஒரு கண்ணை இழந்தவருக்கு இது நியாயமா என்பது தனியே பேச வேண்டிய விஷயம்.

ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம், பழைய சிகிச்சைச் சீட்டுகள், எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். சான்று இலவசம். ‘சதவீதம் ஏற்றித் தருகிறேன்’ என்று வாசலில் நிற்கும் புரோக்கரிடம் ஒரு ரூபாயும் தராதீர்கள். சாதியைச் சொல்லிப் பலர் முன்னிலையில் யாராவது இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

சான்று கிடைத்தாலே பணம் வந்துவிடாது. உதவித்தொகைக்குத் தனியாக மனுச் செய்ய வேண்டும். சான்றில் ‘தற்காலிகம்’ என்றிருந்தால் முடியும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டியது அவர்கள் கடமை. ‘போய்ட்டு அப்புறம் வாங்க’ என்ற வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். முடிவு வந்த 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம், சதவீதம் குறைவு என்றாலும் செய்யலாம். அதற்கு அந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும்.