வான் தீவும் துவாலுவும்: கடல் ஏறினா யாரு பதில் சொல்றது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா தூத்துக்குடி. எங்க தெருவுல ஒரு மாமா இருக்காரு, அறுபது வயசு தாண்டிடுச்சு. ஒரு காலத்துல சங்கு குளிச்சவர், இப்போ ஃபைபர் படகு வச்சிருக்காரு. ஒருநாள் விடியக்காலையில அவர்கூடக் கடலுக்குப் போனேன். கொஞ்ச தூரம் போனதும் கையை நீட்டி, "அந்தா வெள்ளையா ஒரு கோடு தெரியுதுல்லா, அதான் வான் தீவு"ன்னாரு. எனக்கு முதல்ல கண்ணுலயே படல. "நான் குளிக்க வந்த புதுசுல அது இம்புட்டு நீளம் கிடந்துச்சு தம்பி"ன்னு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினாரு.

அவர் மிகைப்படுத்தல. 1986-ல் வான் தீவோட பரப்பு சுமார் 16 ஹெக்டேர். 2014 வாக்கில் மிஞ்சினது சுமார் 2 ஹெக்டேர். ஒரு கிரிக்கெட் மைதானத்தோட அளவு, அவ்வளவுதான்.

இன்னைக்கு எபிசோட் அந்தத் தீவுல ஆரம்பிச்சு, பசிபிக் பெருங்கடல் வரைக்கும் போயிட்டு, மறுபடி தூத்துக்குடிக்கே வரும்.

முதல்ல நம்ம பக்கத்துக் கதை. தூத்துக்குடியிலிருந்து மண்டபம் வரைக்கும் மன்னார் வளைகுடாவுல 21 குட்டித் தீவுகள் வரிசையா இருந்துச்சு. 1986-ல் இதை அரசு கடல்சார் தேசியப் பூங்காவா அறிவிச்சது. அந்த 21-ல ரெண்டு இப்போ தண்ணிக்கு அடியில. தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லி, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி. அடுத்த ஆபத்து காரியாசல்லிக்கு. 1969-ல் சுமார் 21 ஹெக்டேர் இருந்த தீவு, 2018-ல் 6 ஹெக்டேருக்கும் கீழ வந்துடுச்சு.

இதைக் கேட்டதும் "கடல் மட்டம் உயருது, அதான்"னு முடிவு பண்ணிடாதீங்க. நேர்மையாச் சொல்லணும்னா, முதல் தப்பு நம்மளோடது. இந்தத் தீவுகளைச் சுத்தி இருக்கிற பவளப்பாறைதான் அலைக்குத் தடுப்பு. பெரிய அலை பாறையில மோதி உடைஞ்சு, வேகம் குறைஞ்சு கரைக்கு வரும். அந்தப் பாறையைப் பல வருஷம் வெட்டி எடுத்தாங்க, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும். 2001-ல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில, அதாவது புலிக்குக் கொடுக்கிற அதே அளவு பாதுகாப்புல சேர்த்தாங்க. அதுக்கப்புறம்தான் வெட்டுறது படிப்படியா நின்னுச்சு. ஆனா அதுக்குள்ள தடுப்புல பெரிய பெரிய ஓட்டை.

ரெண்டாவது அடி, வெப்பம். பவள உயிரிக்குள்ள ஒரு நுண்பாசி குடியிருக்கும். பவளத்துக்கு நிறமும் பெரும்பகுதி சாப்பாடும் அதுதான் தருது. கடல் தண்ணி வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒன்னு ரெண்டு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்னா, பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிடும். வெளுத்துப் போகும். சூடு குறையலன்னா செத்துப் போகும். 2010-லயும் 2016-லயும் மன்னார் வளைகுடாவுல இது பெரிய அளவுல நடந்துச்சு. செத்த பாறை உடையும், தேயும், மறுபடி வளராது. ஏறுற கடலுக்கு இது இன்னும் வசதி.

நாம சும்மா இருக்கலங்கிறதையும் சொல்லணும். தூத்துக்குடியில இருக்கிற சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் ஐஐடி மெட்ராஸும் சேர்ந்து வடிவமைச்ச, ஓட்டை ஓட்டையா இருக்கிற கான்கிரீட் செயற்கைப் பாறைகளை 2015 கடைசியிலிருந்து வான் தீவைச் சுத்தி இறக்கினாங்க. மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேல. அலை வேகம் குறைஞ்சது, மணல் சேர்ந்தது, தீவு கரையுறது நின்னு கொஞ்சம் வளரவும் செஞ்சிருக்கு. மீன்களும் வந்து குடியேறிடுச்சு. இப்போ அதே வழியில காரியாசல்லிக்கும் வேலை நடக்குது.

இதையெல்லாம் படகுல மாமாகிட்டச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவர் ஒன்னு கேட்டாரு. "கல்லு எடுத்தது நம்மாளுக, சரி. தண்ணி சூடானதுக்கும் நாமளா தம்பி காரணம்?"

அந்தக் கேள்விக்குப் பேருதான் காலநிலை நீதி. உலகத்துல அதை ரொம்பத் தெளிவாக் கேட்டவங்க பசிபிக் தீவுக்காரங்க.

துவாலுன்னு ஒரு நாடு. ஒன்பது தீவு, மொத்த நிலமே 26 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் சுமார் 11,000 பேர், கிட்டத்தட்ட நம்ம தூத்துக்குடி மாநகராட்சியில ரெண்டு வார்டு. நிலத்தோட பெரும்பகுதி கடல் மட்டத்துலேர்ந்து ரெண்டு மூணு மீட்டர் உயரம்தான். பெரிய ஓதம் வந்தா தண்ணி கரையைத் தாண்டி மட்டும் வராது, தரைக்கு அடியிலிருந்தும் ஊறி மேல வரும். சேப்பங்கிழங்கு போடுற குழியில உப்பு ஏறிடும். கிரிபாட்டி, மார்ஷல் தீவுகளுக்கும் இதே நிலைமை. நம்ம ஆளுங்க பாறையை வெட்டின மாதிரி இவங்க பெருசா எதையும் செஞ்சுடல. பசிபிக் தீவு நாடுகள் எல்லாம் சேர்ந்து விடுற கரியமில வாயு, உலகக் கணக்குல ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

இவ்வளவு சின்ன நாடுகள் உலகத்துக்கே எப்படித் தலைமை தாங்குச்சு? மூணு விஷயம் சொல்றேன்.

முதலாவது, விடாப்பிடி. 1990-ல் சிறு தீவு நாடுகள் ஒரு கூட்டணி அமைச்சாங்க. 1991-ல், ஐ.நா. காலநிலை உடன்படிக்கைக்கான பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டு இருக்கும்போதே, அந்தக் கூட்டணி சார்பா வனுவாட்டு ஒரு யோசனை வச்சது. கடல் ஏறி எங்களுக்கு நஷ்டம் வந்தா, தொழில்மயமான நாடுகள் பணம் போட்டு ஒரு காப்பீட்டு நிதி வைக்கணும்னு. யாரும் கண்டுக்கல. அவங்க விடல. 2022-ல் எகிப்துல நடந்த மாநாட்டுலதான் 'இழப்பு மற்றும் சேத' நிதி ஒன்னு அமைக்க உலகம் ஒத்துக்கிச்சு. நடுவுல ஓடினது 31 வருஷம். இன்னமும் அந்த நிதிக்கு வந்த பணம், தேவைக்குப் பக்கத்துலகூட இல்ல.

ரெண்டாவது, ஒரு எண்ணைப் பிடிச்சுக்கிட்டாங்க. உலகம் 2 டிகிரின்னு பேசிக்கிட்டு இருந்தப்போ, 1.5 டிகிரியைத் தாண்டினா நாங்க இல்லைன்னு சொன்னாங்க. 2015 பாரிஸ் ஒப்பந்தத்துல அந்த 1.5 இடம்பிடிச்சதுக்கு, மார்ஷல் தீவுகளோட டோனி டிபுரும் மாதிரி ஆட்கள் மேசை மேசையாப் போய்ப் பேசினது ஒரு முக்கியக் காரணம்.

மூணாவதுதான் எனக்குப் பிடிச்சது. 2019-ல், வனுவாட்டுல இருக்கிற தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்துல 27 சட்ட மாணவர்கள். உங்க வயசுதான். வகுப்புல பேச ஆரம்பிச்சது, சர்வதேச நீதிமன்றத்துகிட்டயே கேட்டா என்னங்கிற யோசனையா வளர்ந்துச்சு. காலநிலையைக் காப்பாத்துறதுல நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை? அதை மீறி அடுத்தவனுக்குச் சேதம் வந்தா என்ன விளைவு? இதுதான் கேள்வி. வனுவாட்டு அரசு அதைக் கையில எடுத்துச்சு. 2023 மார்ச் 29-ஆம் தேதி ஐ.நா. பொதுச் சபையில் 130-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து முன்மொழிஞ்ச தீர்மானம், வாக்கெடுப்பே இல்லாம ஒருமனதா நிறைவேறுச்சு.

2025 ஜூலை 23-ஆம் தேதி, ஹேக் நகரத்துல நீதிமன்றம் தன்னோட கருத்தைச் சொன்னது. 15 நீதிபதிகளும் ஒரே குரல். காலநிலையைக் காப்பது நாடுகளுக்குச் சட்டக் கடமை. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டா மட்டும்னு இல்ல, பொதுவான சர்வதேசச் சட்டத்தின்படியும் கடமை. மீறினா அது சட்டவிரோதம். காரணமும் சேதமும் நிரூபணமானா இழப்பீடு வரைக்கும் போகலாம். இது ஆலோசனைக் கருத்துதான், யாரையும் நேரடியாக் கட்டுப்படுத்தாது. ஆனா நாளைக்கு எந்த நாட்டு நீதிமன்றத்துலயும் வக்கீல் இதை எடுத்துக் காட்டலாம்.

அந்தக் கருத்துல இன்னொரு பகுதி முத்துக்குளித்துறைக்காரங்களுக்கு நல்லாப் புரியும். ஒரு தீவு மூழ்கிட்டா அதைச் சுத்தியிருக்கிற கடல் யாருக்குச் சொந்தம்? துவாலுவோட வருமானத்துல பெரும்பங்கு, தங்கள் கடல்ல சூரை மீன் பிடிக்க மத்த நாடுகளுக்குக் கொடுக்கிற உரிமத்துலேர்ந்து வருது. நிலம் போனா கடலும் போயிடுமா? நம்ம கரைக்கும் இது பழைய கேள்வி. போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர்னு வந்தவங்க எல்லாருக்கும் இங்க கண்ணு முத்துப் பார் மேலதான். சலாபம் யார் கையில, வரும்படி யாருக்குங்கிறதுதான் நம்ம வரலாறே. 1961-க்கு அப்புறம் இங்க முத்துக்குளிப்பே நடக்கல. பசிபிக் விஷயத்துல நீதிமன்றம் சொன்னது: ஒருதடவை முறையா வரைஞ்ச கடல் எல்லையை, கடல் ஏறிடுச்சுன்னு திருத்தி வரைய வேண்டியதில்லை. நிலம் மூழ்கினதால மட்டுமே ஒரு நாடு நாடு இல்லாமப் போயிடணும்னும் இல்லை.

அந்த மாணவர் அமைப்பை இப்போ வழிநடத்துற விஷால் பிரசாத் ஃபிஜிக்காரர். ஃபிஜி நமக்கு அந்நியம் இல்ல. 1903-லேர்ந்து 1916 வரைக்கும் சென்னையிலேர்ந்து கப்பல் கப்பலா நம்மாளுங்களைக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோனாங்க. பாரதி அவங்க படுற பாட்டைப் பாடியிருக்காரு. அந்தக் கடல் ஏறுறப்போ அதுல நம்ம சொந்தக்காரங்களும் இருக்காங்க.

சரி, இந்த வழக்குல இந்தியா எங்க நின்னுச்சு? 2024 டிசம்பர்ல நடந்த விசாரணையில நம்ம நாடும் வாதாடுச்சு. பல காலமாப் புகை விட்ட பணக்கார நாடுகள்தான் முதல் பொறுப்பு, இருக்கிற ஒப்பந்தங்களைத் தாண்டி நீதிமன்றம் புதுக் கடமை எதையும் சுமத்தக் கூடாதுன்னு. முதல் பாதி நியாயம். ஓர் இந்தியரோட சராசரிப் புகை, உலக சராசரியைவிட ரொம்பக் கம்மி. ஆனா மொத்தமாக் கூட்டினா நாம உலகத்துல மூணாவது இடம். வனுவாட்டு பக்கமும் முழுசா நிக்க முடியல, எதிர்ப்பக்கமும் நிக்க முடியல.

இந்த இரட்டை நிலையைப் புரிஞ்சுக்க ஹேக் வரைக்கும் போக வேண்டாம். மாமா படகைத் திருப்பினதும் எனக்கு எதிர்ல தெரிஞ்சது வ.உ.சி. துறைமுகமும், 1,050 மெகாவாட் அனல்மின் நிலையத்தோட புகைபோக்கிகளும். முதுகுக்குப் பின்னால கரையுற தீவு, முன்னால கப்பல்லேர்ந்து இறங்குற நிலக்கரி. அந்தக் கரண்ட்டுலதான் என் ஃபோன் சார்ஜ் ஆகுது, இந்த மைக்கும் ஓடுது. அந்தத் துறைமுகத்துல எங்க சொந்தத்துலயே நாலு பேர் வேலை பாக்குறாங்க. மூடுங்கன்னு நான் இங்க உட்கார்ந்து சொன்னா அவங்களுக்கு யாரு பதில் சொல்றது?

வான் தீவுல யாரும் குடியிருக்கல. அதனால நம்ம துவாலு எதுன்னு கேட்டா, நான் தீவைக் காட்ட மாட்டேன், ஆட்களைக் காட்டுவேன். பூங்கா எல்லைக்குள்ள போக முடியாம, மீனும் குறைஞ்சு, தள்ளித் தள்ளிப் போற நாட்டுப்படகுக்காரங்க. மழை தவறிப் பெஞ்சா பாத்தியும் போய்க் கூலியும் போற உப்பளத் தொழிலாளர்கள். 2023 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தண்ணி வடிஞ்சதும் மத்தவங்க வேலைக்குத் திரும்பிட்டோம். உப்பளம் திரும்ப மாசக்கணக்காச்சு.

இவங்களுக்கு நிவாரணம் வருது, சில சமயம். நிவாரணங்கிறது இரக்கத்துல கொடுக்கிறது. பசிபிக் பசங்க செஞ்சது, இரக்கத்துலேர்ந்து அந்தப் பேச்சை உரிமைக்கு மாத்தினது. எங்களுக்கு உதவுங்கன்னு கேக்காம, உங்க கடமை என்னன்னு கேட்டாங்க. அந்த வாசல் இங்கயும் திறந்திருக்கு. 2024 மார்ச்ல, கானமயில் வழக்குல உச்ச நீதிமன்றம், பருவநிலை மாற்றத்தோட பாதிப்புலேர்ந்து விடுபட்டு வாழ்றது அரசியல் சட்டத்தோட 14, 21-ஆம் பிரிவுகள்ல அடங்கின உரிமைன்னு சொல்லியிருக்கு. அந்த உரிமையை ஒரு உப்பளத் தொழிலாளி பேர்ல, ஒரு சங்குகுளி மாமா பேர்ல எப்படிக் கேக்குறதுன்னு யாராவது உட்கார்ந்து யோசிக்கணும். வனுவாட்டுல யோசிச்சது 27 பேர், ஒரு வகுப்பறை.

கரைக்கு வந்ததும் மாமாகிட்ட, "நீங்க கேட்டதுக்குப் பதில், முழுக்க நாம காரணம் இல்ல மாமா. ஆனா கொஞ்சம் நாமளும்தான்"னேன். அவர் நங்கூரத்தைப் போட்டுட்டுச் சொன்னாரு: "அப்பம் அந்தக் கொஞ்சத்தை நாம பாப்போம். மிச்சத்தை யாருட்ட போய்க் கேக்கணும்னு நீ படிச்ச பிள்ள, பாத்துச் சொல்லு."

நான் பாத்துக்கிட்டு இருக்கேன். நீங்க சட்டம் படிக்கிறீங்கன்னா, இல்ல கடற்கரை ஊர்க்காரங்கன்னா, உங்க ஊர்ல கரைஞ்சு போனது என்னன்னு எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அதை வச்சே இன்னொரு எபிசோட் பண்ணலாம்.