எட்டு என்றது கணினி, ஒன்பதாக இருந்தது நிலநடுக்கம்

தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ற கதை பல தலைமுறைக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 வேறு கதை. அன்று காலை 6.29க்கு சுமத்ராவை அடுத்த கடலடியில் பூமி பிளந்தது. அதன் முதல் அதிர்வு சுமார் 2,000 கிலோமீட்டர் கடந்து, நான்கே நிமிடத்தில் தரங்கம்பாடி மண்ணுக்கடியில் ஓடி மறைந்தது. சுனாமி வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

அந்த இரண்டு மணி நேரத்தை நாம் இழந்தோம். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள்.

கருவிகள் அதிர்வைப் பதிவு செய்யத் தவறவில்லை. பதிவைப் படித்த கணக்குதான் தவறியது. ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் வெளியிட்ட முதல் அறிவிப்பில் ரிக்டர் என்று நாம் பேச்சு வழக்கில் சொல்லும் அளவு 8.0. ஒரு மணி நேரம் கழித்து 8.5. ஒன்பதை ஒட்டிய கணக்கு ஹார்வர்டிலிருந்து வந்தபோது நான்கு மணி நேரம் தாண்டியிருந்தது; நம் கரையில் அதற்குள் பிணங்களைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். பிற்பாடு உறுதியான அளவு 9.1. எட்டுக்கும் இதற்கும் எண்ணில்தான் சிறிய இடைவெளி. வெளிப்பட்ட ஆற்றலில் 40 மடங்குக்கு மேல்.

ஏன் இப்படி? களத்தில் முதல் கட்டை அடித்ததுமே மொத்த வயலின் கண்டுமுதலைச் சொன்னால் எப்படியிருக்கும்? அப்படித்தான். அன்றைய விரைவுக் கணக்கு, முதலில் வந்து சேரும் அலைகளின் தொடக்கப் பகுதியை வைத்தே அளவைச் சொன்னது. சாதாரண நிலநடுக்கத்துக்கு அது போதும். அன்றைய பிளவோ எட்டு நிமிடத்துக்கு மேல், சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டே இருந்தது.

பேரழிவுக்குப் பின் இரண்டு வேலைகள் நடந்தன. நிலநடுக்க ஆய்வாளர்கள் ஹிரூ கனமோரியும் லூயிஸ் ரிவேராவும் 2008இல், ‘டபிள்யூ’ அலை எனப்படும் மிக நீண்ட, மெதுவான அதிர்வைக் கொண்டு பெரிய நிலநடுக்கத்தின் உண்மையான அளவைச் சில பத்து நிமிடங்களில் கணிக்கும் முறையைத் தந்தார்கள். இன்னொன்று ஜெர்மனியின் போட்ஸ்டாம் புவி ஆய்வு மையத்தின் ‘சைஸ்காம்ப்’ மென்பொருள். அதன் பழைய பதிப்புகள் பெரும்பாலும் நிலையங்களின் தரவைச் சேகரித்து, நிலநடுக்க மையத்தைத் தோராயமாகக் குறித்தன. இந்தோனேசியாவுக்கான சுனாமி எச்சரிக்கைத் திட்டத்துக்காக மூன்றாம் பதிப்பு புதிதாக எழுதப்பட்டது. அது பலவகை அளவுகளை அருகருகே கணக்கிடும். தரவு வரவரத் தன் விடையைத் திருத்தும். பணியிலிருப்பவர் திரையிலேயே சரிபார்க்கலாம். சொன்ன எண்ணோடு நின்றுவிடாமல் திருத்திக்கொண்டே போவதைத்தான் இதில் பெரிய முன்னேற்றமாக நான் நினைக்கிறேன். 2020இல் வந்த நான்காம் பதிப்பின் நிரல் திறந்த மூல உரிமத்தில் கிடைக்கிறது.

ஹைதராபாத்தில் இன்காய்ஸ் எனப்படும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. அதற்குப் பெரிய சோதனை 2012 ஏப்ரல் 11. மதியம் 2.08க்கு அதே சுமத்ராப் பக்கம் நிலம் குலுங்கியது. எட்டு நிமிடத்தில் முதல் அறிவிப்பு, அளவு 8.7. பின்னர் உறுதியானது 8.6. அன்று பாறைகள் பக்கவாட்டில் நழுவின, கடலடி பெரிதாக மேலெழவில்லை, ஆகவே அலையும் சிறிதாகவே வந்தது. எவ்வளவு பெரியது என்பதோடு, எந்தத் திசையில் நழுவியது என்பதையும் கணினி சீக்கிரம் சொல்ல வேண்டும் என்று அந்த நாள் காட்டியது. டபிள்யூ அலைக் கணக்கு இரண்டையும் தருகிறது.

இனி கரையில் நடக்க வேண்டிய வேலை. ஹைதராபாத் அறிவிப்பில் மூன்று படிகள் உண்டு. ‘வார்னிங்’ என்றால் உடனே கரையை விட்டு உள்நிலத்துக்கு, மேடான இடத்துக்குப் போக வேண்டும். ‘அலர்ட்’ என்றால் கடற்கரையையும் தாழ்வான கரையோரப் பகுதிகளையும் விட்டு விலக வேண்டும். ‘வாட்ச்’ என்றால் உடனடியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. தரங்கம்பாடியிலும் அக்கம்பக்கத்து மீனவக் கிராமங்களிலும் ஊர்ப் பஞ்சாயத்துச் சுவரிலும் பள்ளிச் சுவரிலும் இந்த மூன்றையும் அவற்றின் பொருளோடு பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வையுங்கள்.