பழைய வண்டி – 9: சைலன்சரை மாற்றியவர் ஜெட்டை மறக்கலாமா?

“சைலன்சர் மாத்துனதுல இருந்து வண்டி ரொம்பச் சூடாகுதுண்ணே. ஆக்சிலேட்டரை விட்டா பின்னாடி பட்டாசு மாதிரி வெடிக்குது.” பழைய புல்லட்டுகள் வந்து நிற்கும் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். புதுச் சைலன்சர் போட்டாயிற்று. ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டரும் மாட்டியாயிற்று. கார்புரேட்டருக்குள் கம்பெனி வைத்து அனுப்பிய ஜெட் மட்டும் அப்படியே கிடக்கிறது. காற்றைக் கூட்டிவிட்டோம், பெட்ரோலைக் கூட்டவில்லை. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

சென்ற வாரம் பாயின்டையும் டைமிங்கையும் பார்த்தோம். இந்த வாரம் ஜெட், அதாவது பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையுள்ள பாகம். உதாரணத்துக்கு, வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1955-இல் மதராஸில் தொடங்கி, திருவொற்றியூரில் பல தலைமுறைத் தொழிலாளர்கள் கைபட உருவான வண்டி. 346 சிசி, 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். 2010-ஐ ஒட்டி யூசிஇ எஞ்சின் வந்து இதன் இடத்தைப் பிடிக்கும்வரை இதுதான் சாலையில் இருந்தது. இதன் பிற்கால வண்டிகளில் இருப்பது மிக்கார்ப் கார்புரேட்டர். ஜப்பானின் மிக்குனி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டு யூகால் நிறுவனம் தயாரித்தது. எளிமையான, நேர்மையான கருவி. அதன் பேச்சைப் புரிந்துகொண்டால் வீட்டு வாசலிலேயே சரிசெய்யலாம்.

கூம்பு ஃபில்டர் மாட்டினால் ஏன் பெட்ரோல் குறைகிறது? கார்புரேட்டரின் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் மீது வெளிக்காற்றின் அழுத்தம் இருக்கிறது. தொண்டைப் பகுதியில் அழுத்தம் குறைவு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஜெட் வழியாகப் பெட்ரோலை மேலே தூக்குகிறது. கம்பெனி ஃபில்டர் பெட்டி காற்றைச் சற்றுத் தடுப்பதால் தொண்டையில் அழுத்தம் இன்னும் கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் ஜெட்டின் அளவைத் தீர்மானித்திருக்கிறார்கள். பெட்டியை எடுத்துவிட்டால் காற்று தாராளமாக நுழைகிறது, உறிஞ்சும் விசை குறைகிறது. சைலன்சரை மாற்றுவதைவிட ஃபில்டர் பெட்டியை எடுப்பதுதான் கலவையை அதிகம் கெடுக்கிறது என்பது என் அனுபவம். தினமும் ஓட்டுகிற 350-க்குக் கூம்பு ஃபில்டர் தேவையே இல்லை என்பேன். நம் சாலைத் தூசிக்கும் மழைக்கும் அந்தப் பெட்டிதான் பாதுகாப்பு. சைலன்சரிலும் ஒலி வரம்பைப் பார்த்து வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம்.

இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது: எத்தனால். ஒரு கிலோ சாதாரணப் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இது ஏறத்தாழ 13.5-க்கு இறங்குகிறது. பழைய கார்புரேட்டருக்கு இது தெரியாது. பழைய கணக்கிலேயே ஊற்றிக்கொண்டிருக்கும். ஆகவே யாரும் கைவைக்காத பழைய வண்டிகூட இன்று கொஞ்சம் ‘லீன்’ ஆகத்தான் ஓடுகிறது. அதாவது பெட்ரோல் குறைந்த கலவை. அதன் மேல் சைலன்சரும் கூம்பு ஃபில்டரும் சேர்ந்தால் எக்ஸாஸ்ட் வால்வு கருகுவதும் பிஸ்டன் பிடித்துக்கொள்வதும் தூரத்தில் இல்லை.

ஜெட்டைத் தொடும் முன் மற்றவற்றைச் சரிபார்க்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இரண்டு புஷ் ராடுகளும் விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. டேப்பெட் சரியா என்பதற்கு அதுதான் சோதனை. பாயின்ட் இடைவெளி, பிளக், ஃபில்டர் சுத்தம், கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். கார்புரேட்டரும் ஹெட்டும் சேரும் இடத்தில் காற்று கசிகிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது அந்த இடத்தில் துருநீக்கி ஸ்ப்ரேயைக் கொஞ்சம் அடித்தால், கசிவு இருந்தால் சத்தம் மாறும். சூடான எஞ்சின் மீது பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. தீப்பிடிக்கும், தயவுசெய்து செய்யாதீர்கள். ஆக்சிலேட்டரை விடும்போது வெடிக்கிறது என்றால் பெண்ட் பைப் ஹெட்டில் சேரும் இடத்தையும் சைலன்சர் சேரும் இடத்தையும் பாருங்கள். அங்கே வெளிக்காற்று புகுந்தாலும் அதே வெடிச்சத்தம்தான் வரும். எந்த ஜெட்டாலும் அதை நிறுத்த முடியாது.

இனி முக்கியமான விஷயம். “60-இல் போனால் திணறுகிறது” என்று வேகத்தைச் சொல்வதில் பயனில்லை. கார்புரேட்டருக்கு வேகம் தெரியாது, கியர் தெரியாது. ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். கைப்பிடியில் ஒரு காகித டேப்பை ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுது என்று கோடு போடுங்கள். பக்கத்தில் அசையாத இடத்தில் ஒரு கோடு. கோளாறு எந்தக் கோட்டில் வருகிறது என்று தெரிந்துவிட்டால் எந்தப் பாகம் குற்றவாளி என்பது பாதி தெரிந்துவிட்டது.

ஐடிலிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் ஆட்சி செய்கின்றன. அதிலிருந்து கால் வரை ஸ்லைடின் வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை நீடிலும் அது இறங்கும் நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றோடொன்று கொஞ்சம் கலக்கும். நகரத்துக்குள் ஓட்டுகிறவர்கள் முக்காலைத் தாண்டுவதே அரிது. ஆனாலும் ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் முதலில் மாற்றுவது மெயின் ஜெட்டைத்தான்! மைலேஜும் பிக்கப்பும் பெரும்பாலும் நீடிலில் இருக்கின்றன. பழைய வண்டியில் இன்னும் கூடுதலாக. பல ஆண்டுகள் நீடில் ஏறி இறங்கியதில் பித்தளை நீடில் ஜெட்டின் துளை வட்டம் குலைந்து அகன்றிருக்கும். கறுப்புப் புகை, மைலேஜ் வீழ்ச்சி, நடுப்பகுதியில் மந்தம் என்றால் இரண்டையும் சேர்த்து மாற்றாமல் வேறு எதைச் செய்தாலும் வீண்.

மெயின் ஜெட்டை மட்டும் பெரியதிலிருந்து சிறியதுக்கு வர வேண்டும். பெட்ரோல் அதிகமானால் பிளக் கறுக்கும், மைலேஜ் போகும். எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். குறைந்தால் எஞ்சினே போகும். ஆகவே கம்பெனி எண்ணைவிடச் சில எண்கள் பெரிய ஜெட்டைப் போட்டுத் தொடங்குங்கள். ஆளில்லாத நேரான சாலையில், மூன்றாம் கியரில் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டுங்கள். வண்டி உறுமி உறுமித் தயங்கினால் பெட்ரோல் அதிகம், அடுத்த சிறிய எண். ஆக்சிலேட்டரை ஒரு துளி பின்வாங்கும்போது வண்டி இன்னும் வேகமாக இழுத்தால் பெட்ரோல் போதவில்லை. உடனே திரும்பி வந்து பெரிய எண் போடுங்கள். திணறும்போது சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. சோக்கால் வண்டி தெளிந்தால் லீன், மேலும் மோசமானால் ‘ரிச்’, அதாவது பெட்ரோல் மிகுந்த கலவை.

எண்களில் ஒரு பொறி இருக்கிறது. மிக்குனியின் ஆறு பட்டை மெயின் ஜெட்டில் எண் குறிப்பது பெட்ரோல் ஓடும் அளவை. கெய்ஹின் கம்பெனி கார்புரேட்டரின் ஜெட்டில் எண் குறிப்பது துளையின் விட்டத்தை. ஒரே எண் என்பதற்காக ஒரு கம்பெனி ஜெட்டுக்கு மற்றொன்றை மாற்றாக நம்பக்கூடாது. துளையின் விட்டம் 0.90-இலிருந்து 0.95 மில்லிமீட்டர் ஆனால், வித்தியாசம் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ஆனால் துளையின் பரப்பு 11 சதவீதம் கூடிவிடுகிறது. அதனால்தான் அடைப்பு எடுக்கிறேன் என்று ஜெட்டில் குண்டூசியும் செம்புக் கம்பியும் விடுவதைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. ஒருமுறை கம்பி போய்வந்த ஜெட்டின் எண்ணை நம்ப வழியில்லை. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும்.

மெயின் ஜெட் அமைந்த பிறகு நீடில். அதன் தலையில் கிளிப் போடும் பள்ளங்கள் இருக்கின்றன. கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் உயரும், பெட்ரோல் கூடும். மேலே ஏற்றினால் குறையும். கடைசியில் ஐடில். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுதும் உள்ளே இறுக்கி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். மெதுவாக, ஏனென்றால் அழுத்தினால் முனை தேய்ந்துவிடும். அங்கிருந்து அங்குமிங்கும் திருகி, ஐடில் உச்சமாக எங்கே ஏறுகிறதோ அங்கே நிறுத்துங்கள். இது காற்றுக்கான ஸ்க்ரூ. வெளியே எடுத்தால் கலவை லீன் ஆகும், உள்ளே இறுக்கினால் ரிச். முக்கால் சுற்றுக்குள்ளேயே உச்சம் வந்தால் பைலட் ஜெட் சிறியது. இரண்டரைச் சுற்றுக்கு மேல் போனால் பெரியது.

பிளக்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்கும் ஒழுங்கு உண்டு. வீட்டு வாசலில் ஐடிலில் ஓடிய வண்டியின் பிளக் மெயின் ஜெட்டைப் பற்றி எதையும் சொல்லாது. முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து அதே நொடியில் எஞ்சினை அணைத்து, ஓரமாக நிறுத்திக் கழற்ற வேண்டும். பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். சுண்ணாம்பு வெள்ளை ஆபத்து. காய்ந்த கரி பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பு என்றால் கோளாறு ரிங்கிலோ வால்வு கைடிலோ இருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலில் நிறம் வெளிறித் தெரியும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

மலையேறுகிறவர்களுக்கு ஒரு சொல். மேட்டுப்பாளையத்தில் கச்சிதமாக இருந்த வண்டி 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் புகைந்து மந்தமாகும். அங்கே காற்று மெலிது, பெட்ரோல் மிகுதியாகிவிடும். இரண்டு நாள் பயணத்துக்காக மெயின் ஜெட்டைக் கழற்ற வேண்டாம். தொல்லை அதிகமென்றால் நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றுங்கள். இறங்கும் முன் மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். மறந்தால் சமவெளிச் சூட்டில் லீனாக ஓடும், அதில்தான் அபாயம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஜெட் எண், கிளிப்பின் பள்ளம், ஏர் ஸ்க்ரூவின் சுற்று, தேதி, அன்றைய வெயில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மெக்கானிக் எதை மாற்றினாலும் எண்ணைக் கேட்டு வாங்கி அதில் சேருங்கள். வண்டியை விற்கிற நாளில் சாவியோடு அந்த நோட்டையும் கொடுங்கள்.